சத்தத்தின் ஏற்ற இறக்கம்: சிங்கப்பூரில் ஒரு போஸ்ட்-ஹார்ட்கோர் ஆல்பம் உருவாகி வெளிவரும் விதம்

ஒற்றைக் கிட்டார் இரண்டே நோட்டுகளில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நான்கு பார் கழித்து முழுக் குழுவும் ஒரே அடியில் உள்ளே விழும். போஸ்ட்-ஹார்ட்கோர் இசையின் உயிர் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சத்தத்தின் உயர வித்தியாசத்தில் இருக்கிறது. 1980களில் வாஷிங்டன் டிசியில், வேகமும் கத்தலும் மட்டும் போதாது என்று நினைத்த ஹார்ட்கோர் பங்க் கலைஞர்கள் சிலரிடமிருந்து, டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் வட்டத்தில் இந்தப் பாணி உருவெடுத்தது. ஃபுகாசி அதன் முகமானது. சிங்கப்பூரில் எ வேக்கன்ட் அஃபேர், கேரகல் போன்ற குழுக்கள் 2000களில் இதை வாசித்தன.

ஆல்பம் உருவாகும் ஒவ்வொரு கட்டமும் அந்த உயர வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வேகத்தைப் பூட்டும் கிளிக் டிராக் ஒரு பங்கு, கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் ஒரு பங்கு, உரத்த ஒலியை அடக்கும் கம்பிரஸர் ஒரு பங்கு. மிச்சத்தை, வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங் பார்த்துக்கொள்ளும். ஸ்டூடியோவில் எடுக்கும் முடிவுகளில் பாதிக்கு மேல் அதைக் காப்பாற்றுவதற்கானவையே. எந்தக் கருவி வாங்கலாம் என்ற விவாதம் அதற்குப் பிறகுதான்.

பதிவுக்கு முன்

வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் அடிக்க வழியில்லை. ஆகவே ஒத்திகை முழுவதும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாம்மிங் ஸ்டூடியோவில்தான். குழுவில் ஒருவர் கட்டாயத் தேசிய சேவையில் இருந்தாலே வார இறுதி மட்டும்தான் கையில் நிற்கும். சேவையை முடித்தவர்களுக்கும் மறுபயிற்சிக்கான ரிசர்விஸ்ட் அழைப்பு வரும். பதிவுத் தேதிக்கு முன்பணம் கட்டுமுன் எல்லாருடைய அழைப்புத் தேதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சின்ன வேலை. அதைச் செய்யாத குழுக்கள் முன்பணத்தை இழக்கின்றன.

ஒத்திகையிலேயே முடிக்க வேண்டிய பெரிய வேலை டெம்போ வரைபடம். ஒவ்வொரு பாடலையும் கிளிக் இல்லாமல் நன்றாக வாசித்து, கைப்பேசியில் பதிவுசெய்து, பகுதி பகுதியாக வேகத்தை அளக்க வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை தாள அடி என்ற கணக்கில் வெர்ஸ் 152, கோரஸ் 156, நடுவிலுள்ள அமைதிப் பகுதி 147 என்று வந்தால் அதுதான் பாடலின் உண்மையான நடை. எல்லாவற்றையும் 152இல் பூட்டினால் கோரஸ் இழுக்கும், அமைதிப் பகுதி அவசரப்படும். குழுவினருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், எதுவென்று சொல்ல வராது. பகுதிக்கு ஒரு வேகம் கொடுத்து, மாற்றத்தை டிரம் ஃபில் வரும் பாரில் ஒளித்துவிடலாம்.

பாடல் வரிசையையும் இங்கேயே தீர்மானிப்பது நல்லது. பத்துப் பாடல், 36 நிமிடம் என்பது இந்த வகைக்குப் பொருத்தமான அளவு. வினைல் போடும் எண்ணம் இருந்தால் வரிசைக்கு வேறொரு கணக்கும் சேரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கிட்டார்களைப் பொறுத்தவரை பிரச்சினை டியூனிங்கில் தொடங்குகிறது. ஆறாவது தந்தியை மட்டும் டி-க்கு இறக்கும் டிராப் டி, அதிலிருந்து எல்லாத் தந்திகளையும் இன்னும் ஒரு முழுச் சுரம் இறக்கும் டிராப் சி இரண்டும் இங்கே வழக்கம். 10–46 என்ற மெல்லிய தந்திகளை டிராப் சி-யில் வாசித்தால், ஓங்கி அடிக்கும் கணத்தில் சுரம் மேலே எகிறி, பிறகு இறங்கி நிற்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு கிட்டார் சேரும்போது அந்த எகிறல் கலங்கலாகக் கேட்கும். ஒலியின் நிறத்தை மாற்றும் எந்த ஈக்யூவாலும் அதைத் திருத்த முடியாது. 11–54 அல்லது 12–56 என்ற தடித்த தந்திகள் போட்டு, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்தி, கழுத்து வளைவையும், கழுத்து முழுவதும் சுரம் பொருந்தும் இன்டொனேஷனையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் செட்-அப் செய்யக் கொடுப்பவர்கள், அதைப் பதிவுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்தால் மரம் நிலைபெற நேரம் கிடைக்கும். இங்கே வெளியில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் போட்ட ஸ்டூடியோவுக்குள் அதைவிட வெகுவாகக் குறைவு. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு டேக்குக்கும் சுரம் நழுவும். முதல் நாள் இரவே கருவிகளை உள்ளே வைத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையிலும் ஏர்கானை நிறுத்தாமல் இருப்பதே மலிவான தீர்வு.

அமெரிக்காவிலிருந்து வாங்கிய பழைய டியூப் ஆம்ப் என்றால் இன்னொரு கவலை. அது 120 வோல்ட் எதிர்பார்க்கும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 100 வாட் ஆம்ப் மின்சாரத்தில் இழுப்பது அதைவிட வெகுவாக அதிகம் என்பதால் 500 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கிட்டாரிஸ்டின் காலடியில் வைத்தால் பிக்கப் அதன் உறுமலை அப்படியே வாங்கிக்கொள்ளும். நாய்ஸ் கேட் போட்டு உறுமலை அடைக்கலாம்தான். ஆனால் அமைதிப் பகுதியில் சுரம் தேய்ந்து மறையும் வாலையும் அது சேர்த்து வெட்டிவிடும். கிட்டாரிஸ்ட் நிற்கும் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

டிரம்ஸ்

பணமும் நேரமும் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான். கிட்டாரை வீட்டில் மீண்டும் பதிவுசெய்யலாம், பேஸையும் அப்படியே. டிரம்ஸுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. பத்துப் பாடலுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் முதல் நாளின் பாதி மைக் வைப்பதிலும் டியூனிங்கிலும் கழியும். அதை வீண் என்று நினைக்கக் கூடாது. ஸ்னேருக்கும் டாம்களுக்கும் புதிய ஹெட் (அடிபடும் தோல்) போட்டு, முதல் நாளே இழுத்து நிற்க வைக்க வேண்டும். பலமாக அடிப்பவர் என்றால் மூன்று நான்கு பாடலுக்கு ஒருமுறை ஸ்னேர் ஹெட்டை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பாடலின் ஸ்னேரும் எட்டாம் பாடலின் ஸ்னேரும் வெவ்வேறு கருவிபோல் ஒலிக்கும்.

மைக் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: கிக்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, டாமுக்கு ஒவ்வொன்று, தலைக்கு மேலே இரண்டு ஓவர்ஹெட், மூன்று நான்கு மீட்டர் தள்ளி அறைக்காக இரண்டு. ஸ்னேரின் கீழ் மைக்குக்கு போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ்த் திசையை) திருப்ப மறந்தால், மேல் மைக்கில் வரும் அடியை அது தின்றுவிடும். ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கேபிளை நீட்டிப் பிடித்து அளந்தாலே போதும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி எடுக்கும். ஒரு பக்கம் அரை மீட்டர் கூடினால்கூட ஸ்னேர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும், இரு பக்கமும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் மெலியும்.

இந்த வகை டிரம்மர்களிடம் அதிகம் காணும் குறை சிம்பலை ஓங்கி அடிப்பது. மேடையில் அது நன்றாகத்தான் இருக்கும். பதிவில் ஓவர்ஹெட் முழுக்கச் சிம்பல் வெள்ளமாகி, ஸ்னேரை உயர்த்தினால் ஹை-ஹாட்டும் கூடவே உயரும். பிறகு கோரஸ் பெரிதாக ஒலிக்காது, கூச்சலாக ஒலிக்கும். சிம்பலை ஒரு சாண் உயர்த்துவது, மெல்லிய சிம்பலுக்கு மாறுவது, கையைத் தளர்த்தித் தோலை மட்டும் பலமாக அடிக்கப் பழகுவது ஆகியவை ஒத்திகையிலேயே நடக்க வேண்டியவை. மிக்ஸிங் இன்ஜினியரால் இதைச் சரிசெய்ய முடியாது.

கிளிக் கசிவு இன்னொரு வழக்கமான விபத்து. பாடல் முடிந்து சிம்பல் மெல்ல அடங்கும்போது ஹெட்போனிலிருந்து டிக் டிக் என்ற ஒலி ஓவர்ஹெட்டுக்குள் போகும். சத்தமான பகுதியில் யாரும் கவனிப்பதில்லை; அமைதிப் பகுதியில் அது மட்டும்தான் கேட்கும். காதை முழுக்க மூடும் ஹெட்போன், கூர்மையான பீப்புக்குப் பதில் ஷேக்கர் ஒலி, அமைதிப் பகுதியில் தானாகவே தணியும் கிளிக், கடைசி அடிக்குப் பின் முழு நிறுத்தம் என எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியிலுள்ள பதிவுக் கோப்பான செஷனில் எழுதி வைக்கலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். சவுண்ட்செக்கில் அடித்ததைவிட உண்மையான டேக்கில் எல்லாரும் பலமாக அடிப்பார்கள் என்பதால் உச்சத்தை மைனஸ் 10 டெசிபல் அருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பாடலுக்கு மூன்று முதல் ஐந்து முழு டேக் எடுத்து, நல்ல பகுதிகளைச் சேர்க்கலாம். அதன் பிறகு எல்லா அடிகளையும் கணினித் திரையின் தாளக் கோடுகளான கிரிட்டில் ஒட்டவைக்கும் ஆசை வரும். காதுக்கு உறுத்தும் அடிகளை மட்டும் நகர்த்திவிட்டு நிறுத்துவதே இந்த இசைக்கு ஏற்றது. ஃபில்லில் இருக்கும் சிறு அவசரம்தான் கோரஸை உள்ளே தள்ளுகிறது.

கிட்டார், பேஸ், குரல்

மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனைப் பதிவில் பாதியாகக் குறைக்க வேண்டும். டிஸ்டார்ஷன் என்பதே ஒரு கம்பிரஷன். இரண்டு பக்கமும் இரண்டு தடவை வாசித்து அடுக்கும்போது அது இன்னும் கெட்டியாகும். ஒரு தடவை வாசித்ததை நகலெடுத்து மறுபக்கம் ஒட்டினால் விரிவு வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். ஆம்பைப் பதியும் அதே நேரத்தில், ஆம்ப் இல்லாமல் கருவியை நேராகப் பதியும் டிஐ வழியாகச் சுத்தமான சிக்னலையும் எடுத்து வைத்தால், பின்னர் ரீஆம்ப் பெட்டி மூலம் வேறு ஆம்புக்கு அனுப்பலாம். கணினியோடு இணைந்த ஒலி இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை நேராக ஆம்பில் செருகினால் லெவலும் இம்பீடன்ஸும் பொருந்தாமல் ஒலி கெட்டுப்போகும். அமைதிப் பகுதிக்கு ஃபேடரை இறக்குவது குறுக்குவழி. கிட்டாரிலேயே வால்யூமைக் குறைத்து வாசித்தால் ஒலியின் நிறமும் மாறும். பேஸுக்கு டிஐ அடியையும் ஆம்ப் உறுமலையும் தரும். இரண்டின் அலைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

கத்தும் குரலை ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடுவது பெரிய தவறு. நாளைக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் குரல் தாங்காது. நான்கு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் பாடும் பகுதிகளை முதலிலும் கத்தும் பகுதிகளைக் கடைசியிலும் வைத்தால் குரல் பிழைக்கும். ஷூர் எஸ்எம்7பி இதற்கு விரும்பப்படும் மைக். ஆனால் அது ஏறத்தாழ 60 டெசிபல் கெயின் (ஒலிப்பெருக்கம்) கேட்கும். மலிவான இன்டர்ஃபேஸில் மெல்லப் பேசும் வரிகளுக்குப் பின்னால் இரைச்சல் எழும். சிலருக்குக் கையில் பிடித்த எஸ்எம்58 மைக் போதும். உடல் அசையச் சுதந்திரம் கிடைப்பதால் கத்தலும் உண்மையாக வரும்.

தமிழில் எழுதும் குழுக்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. கத்தும்போது ல, ள, ழ வேறுபாடு மங்கும். குறிலும் நெடிலும் நெருங்கிவிடும். வரி குற்றியலுகரத்தில் முடிந்தால் அந்தக் கடைசி அசை விழுங்கப்பட்டு, வரி நடுவில் அறுந்ததுபோல் இருக்கும். மகரத்தில் முடிந்தால் உதடு மூடிக் கத்தல் முனகலாகும். நீட்டிக் கத்த வேண்டிய வரியை ஆ, ஏ, ஓ போன்ற திறந்த நெடிலில் முடித்து, ஸ்னேர் அடி விழும் இடத்தில் வல்லின இரட்டிப்பை வைத்தால் சொல்லும் தாளமும் ஒன்றையொன்று தாங்கும். உடைத்து, உடைப்போம் இரண்டையும்விட உடையாதே என்ற வடிவம் தொண்டைக்கு வசதி. பாடலாசிரியரும் பாடகரும் வேறுவேறு ஆட்களாக இருக்கும் குழுக்களில் இதைப் பேசாமலே ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். மெட்டல் உலகில் 1992இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குழு ருத்ரா, சமஸ்கிருத வரிகளைக் கரகரத்த குரலில் பதிவுசெய்து பல ஆல்பம் வெளியிட்டிருக்கிறது. இந்திய மொழி ஒலிகள் இந்தக் குரலுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

மிக்ஸிங், மாஸ்டரிங்

ஃபுகாசி 1992இல் ஸ்டீவ் ஆல்பினியுடன் சிகாகோவில் ஒரு பதிவு செய்து, திருப்தியில்லாமல் அதை ஒதுக்கிவிட்டு, டெட் நைஸ்லியைத் தயாரிப்பாளராகக் கொண்டு இன்னர் இயர் ஸ்டூடியோவில் மறுபடி பதிவுசெய்தது. 1993இல் வெளிவந்தது இரண்டாவது வடிவம்தான். 2000இல் வந்த அட் த டிரைவ்-இன் ஆல்பத்தை ராஸ் ராபின்சன் தயாரித்தார், ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்தார்; பெயரும் புகழும் வந்த பிறகும் கிட்டாரிஸ்ட் ஓமர் ரொட்ரீகஸ்-லோபஸ் அந்த மிக்ஸ் தமக்கு உவப்பாக இல்லை என்று பேசியிருக்கிறார். பெரிய பெயர் மிக்ஸ் செய்வதால் மட்டும் இந்த இசை சரியாக அமைந்துவிடாது.

நடைமுறையில் பலன் தரும் உத்தி எளிது: கோரஸுக்கு முந்தைய பகுதியை ஒன்றரை முதல் இரண்டு டெசிபல் மெதுவாக இறக்குவது, அதன் அகலத்தையும் சுருக்குவது. பிறகு கோரஸை உயர்த்தத் தேவையே இருக்காது. எல்லாத் தடங்களும் சேரும் மாஸ்டர் பஸ்ஸில் கம்பிரஸர் போட்டபடி மிக்ஸ் செய்தால் அமைதிப் பகுதி தானாக மேலே ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். முன்பே பதிந்து வைத்த டிரம் சாம்பிள் கலப்பதாக இருந்தால் அமைதிப் பகுதியில் அதை மியூட் செய்ய வேண்டும். மெல்ல அடித்த ஸ்னேருக்குப் பின்னால் முழு வேகச் சாம்பிள் வெடிப்பது புதிய குழுக்களின் ஆல்பங்களில் அடிக்கடி கேட்கும் பிழை.

ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமன் செய்கிறது. மைனஸ் 7க்கு நசுக்கிய மாஸ்டரை அது 7 டெசிபல் இறக்கிவிடும்; சத்தத்தின் லாபம் போய், நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். அதற்காக மைனஸ் 14க்கே மாஸ்டர் செய்ய வேண்டியதில்லை, டிஸ்டார்ஷன் நிறைந்த இசைக்கு அது சப்பென்று இருக்கும். கோரஸ் மைனஸ் 9 அருகில், ட்ரூ பீக் எனப்படும் உண்மையான உச்சம் மைனஸ் 1 என்பது நியாயமான சமரசம். ஆல்பமாகத் தொடர்ந்து கேட்கும்போது பாடல்களுக்கிடையிலான அளவு வித்தியாசம் காக்கப்படுகிறது. மெதுவான பாடலைத் தைரியமாக மெதுவாகவே விடலாம்.

வினைலுக்குத் தனி மாஸ்டர் வேண்டும். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் சுகமான அளவு. 22ஐத் தாண்டினால் லெவலைக் குறைத்தாக வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும்போது வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20ஐ ஒட்டி வந்துவிடும். அதனால் பக்கத்தின் கடைசியில் வரும் ச, ஷ ஒலிகளும் சிம்பலும் கரகரக்கும். ஆல்பத்தை உச்சக் கத்தலோடு முடிக்கும் வழக்கம் வினைலுக்கு எதிரி. ஒவ்வொரு பக்கத்தையும் அமைதியான பாடலில் முடிப்பதற்காகத்தான் வரிசையை முன்பே யோசிக்கச் சொன்னது.

உரிமையும் வெளியீடும்

2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துச் செய்விக்கும் ஒலிப்பதிவுக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அதை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். கட்டணம் கட்டியதால் மட்டும் பதிவு குழுவுக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. பதிவின் உரிமை குழுவுக்கு என்று ஸ்டூடியோவிடமும், அட்டைப்படம் எடுத்தவரிடமும் ஒரு பக்க ஒப்பந்தமாவது வாங்க வேண்டும். அதே வாரத்தில், எந்தப் பாடலில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற தாளிலும் எல்லாரும் கையெழுத்திட்டால், பிறகு ஒருவர் விலகும்போது சண்டை குறையும். பாடல்களை, பாடலாசிரியர்களுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் காம்பாஸ் அமைப்பில் பதிவது பாடலாசிரியர்களின் வேலை. குழுவின் பெயரில் அது தானாக நடக்காது.

ஒவ்வொரு டிராக்குக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும். டிஜிட்டல் விநியோகஸ்தரே கொடுப்பார். அதைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுத்தால்தான் பிளே எண்ணிக்கை தொடர வாய்ப்பு உண்டு.

2015 ஜூலையிலிருந்து உலக வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. ஸ்பாட்டிஃபையில் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாடலை முன்மொழிந்தால்தான் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாடல் பட்டியலில் அந்தப் பாடலே சேரும். நான்கு வாரம் முன்னதாக ஏற்றுவது பாதுகாப்பு. வருமானத்தைப் பற்றிக் கனவு வேண்டாம்: 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 பிளே எட்டாத டிராக்குக்கு அங்கே ராயல்டி கிடையாது. சிறிய குழுவுக்கு, ரசிகர்களிடம் நேராக விற்க உதவும் பேண்ட்கேம்ப் தளம் இன்னும் நல்ல இடம்; டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும் பொருள் விற்பனையில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது.

வினைல் பெரும்பாலும் வெளிநாட்டு ஆலையில்தான் அச்சாகும், அதற்குப் பல மாதம் ஆகலாம். முதலில் சில சோதனைத் தட்டுகள் வரும். அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட டர்ன்டேபிளில் முழுதாகக் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லாத் தட்டிலும் சொடக்கு கேட்டால் அச்சில் கோளாறு. ஒரு தட்டில் மட்டும் என்றால் அந்தத் தட்டில் கோளாறு. அச்சுக்கு ஒப்புதல் கொடுத்த பின் புகார் செல்லாது. 300 தட்டு உறையோடு எழுபது எண்பது கிலோ வரும். இறக்குமதியில் பொருள் விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்புறுதி எல்லாவற்றின் மீதும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 4,000 வெள்ளிச் சரக்குக்கு 600 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் வரி மட்டும் 414 வெள்ளி. தட்டின் விலையை நிர்ணயித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெள்ளிக்கு மேல் இழக்கிறார்கள். தட்டு கைக்கு வரும் வரை வெளியீட்டு நிகழ்ச்சியின் தேதியை அறிவிக்காமல் இருப்பதே மேல்.

நிகழ்ச்சிக்கு தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவையா, இடத்தின் உரிமையாளரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சொந்தப் பாடல்களையே வாசித்தாலும் காம்பாஸ் உரிமம் பற்றிய கேள்வி வரும். உறுப்பினர்களின் மேடை உரிமை அந்த அமைப்பின் கையில் இருப்பதால் அப்படி. ஏற்பாட்டாளர் கட்டிய பணத்தில் பங்கு கிடைக்க, வாசித்த பாடல்களின் பட்டியலை அனுப்பியாக வேண்டும். பல குழுக்கள் இந்தப் பட்டியலை அனுப்புவதே இல்லை.

விற்காத தட்டுப் பெட்டிகளை நின்றபடி அடுக்க வேண்டும்; படுக்க வைத்தால் வளையும், சேமிப்பறை ஈரத்தில் உறை பூஞ்சை பிடிக்கும். செஷன் கோப்புகளை இரண்டு டிரைவில் நகலெடுத்து, ஒவ்வொரு பாடலுக்கும் குரலில்லா வடிவத்தையும் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எனப் பிரித்த ஸ்டெம்களையும் மிக்ஸ் முடிந்த அன்றே வாங்கிவிடுவது நல்லது. பிளக்-இன் பதிப்புகள் மாறிய பின் பழைய செஷனைத் திறந்து இவற்றை எடுக்கச் சொன்னால் அதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் வரும்.